துருப் பூசிய கண்ணிகள்

"அண்ணி... மேஜைக்கு அடியில இருந்த பை எங்க?"

கொழுந்தனின் குரல் போன போக்கைக் கேட்டதுமே அண்ணி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னறைக்கு ஓடினாள். அவன் தரையில் மண்டியிட்டு, மேஜைக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கதவோரம் அவன் மனைவி துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து இரண்டே மாதம் ஆன பெண். அவள் முகம் வெளிறிக் கிடந்தது.

மேஜைமேல் அந்த வண்டி, சங்கிலிப் பட்டை இல்லாமல் வெறும் சக்கரங்களோடு உட்கார்ந்திருந்தது. உலகப் போரில் ஓடிய மீட்பு டாங்கியின் சிறிய வடிவம். அடிபட்டும் சேற்றில் புதைந்தும் நின்றுபோன டாங்கிகளைக் குண்டுமழைக்கு நடுவே இழுத்து வருவதுதான் அதன் வேலை. லிஃப்ட் மெக்கானிக்கான கொழுந்தன், பழைய புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து, பிளாஸ்டிக் தகட்டை அறுத்தும் பித்தளையைப் பற்றவைத்தும் இரண்டு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தான். மோட்டார், பேட்டரி, ரிமோட் தவிர எந்தப் பாகத்தையும் கடையில் வாங்கக் கூடாது, வீட்டிலேயே செய்ய வேண்டும் என்பது மாடல் சங்கத்தின் விதி. சங்கத்தின் கண்காட்சிப் போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான்.

அண்ணியின் கணவர் பஸ் டிரைவர். அவர் அதை 'சுடத் தெரியாத டாங்கி' என்றுதான் சொல்வார். "என்னை மாதிரியே! உருட்டத் தெரியும், மிரட்டத் தெரியாது."

நடந்தது என்ன என்று அண்ணிக்கு நொடியில் புரிந்துவிட்டது. மேஜைக்கு அடியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில், ரெசின் என்ற பிளாஸ்டிக் திரவத்தை அச்சில் வார்த்தபோது காற்றுக் குமிழி விழுந்து ஒதுக்கிய சங்கிலிக் கண்ணிகள். வெள்ளைவெளேர் என்று பளபளத்தன. மற்றதில் தேறிய கண்ணிகள். போரில் ஓடித் தேய்ந்தவைபோல் தெரிவதற்காக ஒவ்வொன்றையும் கீறி, ஓரம் மழுக்கி, துருவும் சேறும் பூசி வைத்திருந்தான். "வீணாப் போன பையை யாராவது குப்பையில போட்டுடுங்க" என்று நேற்றுச் சாப்பிடும்போது பொதுவாகச் சொன்னான். புதுப்பெண் போட்டுவிட்டாள்... பளபளப்பதைப் பத்திரமாக வைத்துவிட்டு, துருப்பிடித்ததை!

குப்பை வண்டி விடியும்போதே வந்து போயிருந்தது.

"யாரு போட்டது?"

அந்தப் பெண் வாயைத் திறக்கப் போனாள். கோபம் வந்தால் இவன் நாக்கு எப்படி வெட்டும் என்று அண்ணிக்குத் தெரியும். இன்று இவள்மேல் ஒரு சொல் விழுந்தால் அந்த வடு ஆயுசுக்கும் ஆறாது.

"நான்தாம்ப்பா போட்டேன்."

"நீங்களா? கூடவே நின்னு ரெசின் கலக்கினவங்க நீங்க! எது நல்லது, எது கெட்டதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவசரத்துல... கவனிக்கலைப்பா."

"கவனிக்கலையா! பெத்த தாயா இருந்தா கவனிச்சிருப்பாங்க..."

 கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அவள் கணவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அண்ணி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

அவள் மணமாகி வந்தபோது இவன் முன்பல் விழுந்த பிள்ளை. தாயை இழந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. 'சின்னவன் கொஞ்சம் தலையெடுக்கட்டும், பிறகு நமக்கென்று ஒன்று' என்று கணவரிடம் சொன்னவள் அவள்தான். அவன் தலையெடுத்தபோது, நமக்கென்று ஒன்று வருகிற காலம் தாண்டிப் போயிருந்தது. அதற்காக அவள் ஒரு நாளும் அழுததில்லை. இன்று சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

கொழுந்தன் வண்டியைத் துணி போட்டு மூடினான். அண்ணி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை மேஜையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். மறுநாளும் அப்படித்தான்.

"அக்கா, நான் உண்மையைச் சொல்லிடறேன்... என்னால தாங்க முடியலை!" என்று விம்மினாள் இளையவள்.

"சொன்னா கண்ணி வந்துடுமா? மூக்கைத் துடை. அச்சு அலமாரியிலதான் இருக்கு. ரெசினும் மிச்சம் இருக்கு. அவன் வேலைக்குப் போற நேரம் பூரா நம்ம நேரம்தானே?"

"நம்மளால ஆகுமாக்கா?"

"இந்த வீட்டுல நாலு பேருக்கு நாலு ருசியில சமைக்கறோம். இது ஒரே ருசிதானேடி."

ஆனாலும் எளிதாக வரவில்லை. அவசரப்பட்டு அச்சைப் பிரித்ததில் முதல் வார்ப்பு முழுக்க மிட்டாய்போல் வளைந்து போனது. அடுத்ததில் குமிழி. பிறகு அண்ணி நிதானத்துக்கு வந்தாள். இரண்டு திரவத்தையும் அளந்து, மெல்லக் கலக்கி, நூல்போல ஊற்றி, அச்சின் மூலையில் ஒளிந்திருக்கும் குமிழியை ஊசியால் குத்தி வெளியே விட்டாள். இறுகியதை எடுத்து, பிசிறை நகம் தேய்க்கும் அரத்தால் ராவினாள். இளையவள் துளையிட்டாள், கம்பியைத் துண்டாக்கிக் கண்ணியோடு கண்ணி கோத்தாள்.

துருநிறப் பவுடரைப் பூசும் நாளில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "புத்தம் புதுசா இருக்கறதை அசிங்கமாக்க இவ்வளவு மெனக்கெடணுமாக்கா?"

"உன் புருஷனுக்கு அலங்காரம்னா இதுதான். உனக்கு இந்தப் பவுடர் வாங்கிக் கொடுக்காம இருந்தானே, சந்தோஷப்படு."

ஒரு மாலை கொழுந்தன் சீக்கிரமே வந்தான். போட்டியிலிருந்து விலகுவதாகச் சங்கத்தில் சொல்லிவிட்டு, மோட்டாரைக் கழற்றலாம் என்று துணியைத் தூக்கினான்.

இரண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை. அவன் சக்கரத்தை விரலால் தள்ளினான். துருப்பிடித்த கண்ணிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன.

"அன்னைக்குப் பையைப் போட்டது நான்தாங்க," என்றாள் அவன் மனைவி. "அக்கா பொய் சொன்னாங்க... எனக்காக."

"வாயை மூடுடி!" என்று அதட்டினாள் அண்ணி.

"மூட மாட்டேன்க்கா! இத்தனை நாள் நீங்க வாங்கின சொல்லடி என்னோடது." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "இதையெல்லாம் வார்த்ததும் அவங்கதாங்க. நீங்க முகம் கொடுத்துப் பேசாத அவங்கதான்..."

 அவன் அண்ணியின் விரல்களைப் பார்த்தான். நகக்கண்ணில் எல்லாம் துருநிறம் ஏறியிருந்தது. அவள் காலை நோக்கிக் குனிந்தவனை அவள் தடுத்தாள்.

"என் காலைப் பிடிச்சா வண்டி ஓடாது. போய் விலகலைன்னு சொல்லிட்டு வா. அப்புறம் பேசலாம்."

கண்காட்சித் திடலில் சேற்றுக் குழி வெட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெரிய மாடல் டாங்கி வயிறுவரை புதைந்து கிடந்தது. முன்னால் போன இரண்டு வண்டிகளும் அதை இழுக்கப் போய்த் தாமே சறுக்கி இறங்கிவிட்டன. கொழுந்தன் தன் வண்டியைக் கரையில் நிறுத்தி, பின்பக்கத் தகட்டை மண்வெட்டிபோல் தரையில் பதித்தான். புதைந்த டாங்கியில் மாட்டிய கம்பி வடம் விறைத்தது. வண்டி ஒருமுறை அதிர்ந்தது... கண்ணிகள் மண்ணைக் கவ்வின. ஒன்றுகூட விடவில்லை! விரற்கடை விரற்கடையாக அந்தப் பெரிய டாங்கி மேலே வந்தது. அண்ணியின் கணவர், பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கும்போது கண்டக்டர் கத்துவதுபோல், "வா, வா, வா... வரலாம்!" என்று கத்தினார்.

நடுவர் குனிந்து பட்டையைத் தடவிப் பார்த்தார். "தம்பி, இவ்வளவு சுத்தமான வார்ப்பு... கடையில வாங்கலையே?"

"எங்க வீட்டுச் சமையலறையில வார்த்ததுங்க. அதோ நிக்கறாங்களே, அவங்கதான் வார்த்தாங்க. கோத்தது என் வீட்டுக்காரி."

எல்லாத் தலைகளும் திரும்பின. அண்ணி முந்தானைக்குள் கையை ஒளிக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள்.

ரிமோட்டை மனைவியிடம் கொடுத்துவிட்டு அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். கண்ணீர் தாடையில் வழிந்தது. "அன்னைக்கு நான் சொன்னதுக்கு... அம்மா... அம்மான்னு ஒரு தடவை..."

"வேண்டாம்," என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "உங்க அம்மா இடம் அவங்களோடது. உன்னைக் குளிப்பாட்டினதும், ஊட்டினதும், கல்யாணம் பண்ணி வச்சதும் அண்ணி. அந்த வார்த்தைக்கு என்னடா குறைச்சல்? அண்ணின்னே கூப்பிடு."

"அண்ணி..." என்று அவள் தோளில் முகம் புதைத்தான்.

"ம். இப்பச் சொன்னியே, இது போதும்."

அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு குழிப் பக்கம் திரும்பி, "அடியே, நிறுத்தாம ஓட்டு! சேறு காய்ஞ்சா கண்ணி இறுகிடும்!" என்று திடலுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தாள்.