இல்லாத மாமாவின் தோட்டம்

"இதை வரைஞ்ச மகராசன் மட்டும் என் கையில கிடைச்சான்னா…"

பெங்களூரு சிவாஜிநகரில் சின்னப்பாவின் பைப் கடை. வெளியே ஆகஸ்ட் மழை கொட்டித் தீர்த்தது. நனைந்த தலையைக் கைக்குட்டையால் துவட்டியபடி அந்த இளைஞன் பல்லைக் கடித்ததும், இரண்டடி தள்ளி ஒதுங்கியிருந்த ரூபினிக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரைந்த மகராசன் அவள்தான்.

கடை மேஜையில் அவளுடைய டிராயிங் விரிந்து கிடந்தது. மூலையில் அவள் கையெழுத்து… ஆர்.ஆர். அப்பா இராஜமாணிக்கத்துக்கு ஒரு ஆர், அவளுக்கு ஒரு ஆர்.

"தொண்ணூறு எம்.எம். பைப்புல இருந்து நேரா முப்பத்திரண்டுக்கு டீ ஜாயிண்ட் போடணுமாம். எண்பத்திநாலு பீஸு. இருக்குதாண்ணா அப்படி ஒண்ணு?"

"நான் பார்த்ததில்லப்பா கிரண்," என்றார் சின்னப்பா.

"பின்ன? ஏசி ரூம்ல குந்திகினு மவுஸைத் தட்டினா இப்படித்தான் வரும். அந்த ஆர்.ஆர். சார் பைப்பைக் கையில தொட்டே இருக்க மாட்டாரு. ரிட்டயர் ஆவுற வயசு இருக்கும்."

ரூபினிக்கு வயது இருபத்துமூன்று. ஏசியும் கிடையாது. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய பங்களாவின் மாடி, கறகறவென்று சுற்றும் ஒரு ஃபேன், ஒரு கம்ப்யூட்டர்… அவ்வளவுதான் அவளுடைய ராஜ்ஜியம். திருப்பத்தூரிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. தோட்டங்களுக்கு நீர்ப்பாசனம் டிசைன் செய்யும் அந்தச் சின்ன கம்பெனியில் வேலை. பைப்பைத் தொட்டதில்லை என்று அவன் சொன்னது மட்டும் நிஜம். பைப்பை இணைக்கிற ஒரு சேடில் எப்படி இருக்கும், ஒரு யூனியன் எப்படி இருக்கும்… எல்லாமே அவளுக்குத் திரையில் வரும் குட்டிக் குட்டிப் படங்கள்தான். சைட்டிலிருந்து புகார் வந்துவிட்டதே, கண்ணாலாவது பார்ப்போம் என்றுதான் சனிக்கிழமை அரை நாளில் இங்கே வந்தாள். வந்த இடத்தில் இந்த அர்ச்சனை.

அவன் திரும்பிப் பார்த்தான். மழை ஈரம் சொட்டும் இமைகள்… கோபம் இன்னும் ஆறாத கண்கள். ஆனால் அவளைப் பார்த்ததும் அந்தக் கோபம் எங்கேயோ போய்விட்டது.

"உங்களுக்கு இன்னா வேணுங்க?"

'நான்தான் அந்த ஆர்.ஆர்.' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"எங்க மாமா வீட்டுத் தோட்டத்துக்கு… பெரிய பைப்புல இருந்து சின்ன பைப் எடுக்கணும். என்ன போடணும்?"

அவளுக்கு மாமாவே கிடையாது.

அவன் ஒரு டப்பாவைத் துழாவி, இரண்டு பாதியாகப் பிரியும் கறுப்பு வளையம் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். "சேடில். பைப்பை அறுக்கவே வேணாங்க. மேல மாட்டி, போல்ட்டை முறுக்கி, ஒரு ஓட்டை போட்டா வேலை முடிஞ்சது. இந்தச் சின்ன விஷயம் ஆர்.ஆர். சாருக்குத் தெரியல பாருங்க."

"பாவம், புதுசா இருப்பாரு," என்றாள் ரூபினி, மெல்லிய குரலில்.

திங்கட்கிழமை சாப்ட்வேரைத் திறந்தாள். எந்தப் பைப்போடு எந்தப் பைப் சேர்ந்தால், சேரும் இடத்தில் எந்த ஃபிட்டிங் வர வேண்டும் என்று ஒரு பட்டியல் நிரப்பி வைக்க வேண்டும். அப்புறம் கோடு போட்டால் போதும், ஃபிட்டிங்கை அதுவே எடுத்துக்கொள்ளும். எல்லா ஜோடிக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'டீ' என்று நிரப்பி வைத்தது அவள்தான். ஒவ்வொன்றாக அழித்தாள். தொண்ணூறுக்கும் முப்பத்திரண்டுக்கும் நடுவே 'சேடில்' என்று அடிக்கும்போது, விரல் நுனியில் அந்தக் கடை, அந்த மழை, அந்த ஈரக் கண்கள்…

"ஸ்க்ரீனைப் பார்த்து ஏம்மா சிரிக்கிறே?" என்று எதிர் மேஜை மௌரீன் ஆன்ட்டி கேட்டாள். ஆபீஸை நடத்துவது அவள்தான்.

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி."

அடுத்த சனிக்கிழமையும் போனாள். அதற்கடுத்த சனிக்கிழமையும். ஒரு நாள் பைப் திரும்பும் இடத்தில் போடும் எல்போ, ஒரு நாள் வால்வு, ஒரு நாள் மாடிக்குப் போகும் பைப்… மாமாவின் தோட்டம் வாரா வாரம் வளர்ந்துகொண்டே போனது.

"இன்னாங்க, உங்க மாமா தோட்டம் லால்பாக்கை விடப் பெருசா இருக்கும்போல," என்றான் கிரண். அன்று இரண்டு டம்ளர் டீயோடு காத்திருந்தான்.

"அவருக்குச் செடின்னா உயிர்."

"மாமான்னா… யாரு?"

"அம்மாவோட தம்பி."

அவன் முகம் சட்டென்று வாடியது. டீயை ஆற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டான். அம்மாவின் தம்பி என்றால் கட்டிக்கொள்கிற முறையாயிற்றே… அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"அவருக்கு அம்பது வயசுங்க," என்றாள் அவசரமாக. "ரெண்டு பொண்ணு காலேஜ் படிக்குது."

"ஓ," என்று நிமிர்ந்தான். அந்த ஒரு 'ஓ'வில் எவ்வளவு நிம்மதி… அன்று பஸ்ஸில் ஜன்னலோரம் அதையே நினைத்துக்கொண்டு வந்தவள், இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விட்டாள்.

இதற்கு நடுவே டிராயிங்குகள் சீராகிவிட்டன. "ஆர்.ஆர். சார் சக்கத்தா பண்றாருங்க இப்பல்லாம்," என்று கிரணே மெச்சிக்கொண்டான். "ஒரு நாள் பார்த்துக் கை குடுக்கணும். அன்னிக்குத் திட்டினதுக்கு மன்னிப்பும் கேக்கணும்."

ரூபினி கையிலிருந்த டீ டம்ளரை மேஜையில் வைத்தாள். சொல்லிவிட வேண்டும். சொன்னால்…? இத்தனை நாள் என்னை வேடிக்கை பார்த்தாயா என்று கேட்டால்? இந்தக் கண்கள் இப்படிப் பார்ப்பதை நிறுத்திவிட்டால்? அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டாள். தள்ளிப் போட்டு எட்டு சனிக்கிழமை ஆகிவிட்டது.

ஒன்பதாவது வாரம், அவள் சொல்ல வேண்டியதை மௌரீன் ஆன்ட்டி சொல்லிவிட்டாள்.

"ரூபினி, ஹெப்பால் சைட்ல பைப் வேலை பார்க்கிற கிரண் இவர்தான். டிசைனரைப் பார்க்கணும்னு வந்திருக்கார். கிரண், நீங்க கேட்ட ஆர்.ஆர். இந்தப் பொண்ணுதான்."

கை கொடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது. அவன் அவள் திரையில் விரிந்திருந்த பட்டியலை ஒரு நிமிடம் பார்த்தான். சேடில், யூனியன், எல்போ… எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தவை.

"வரேங்க மேடம்," என்று படியிறங்கிப் போனான்.

அந்த 'மேடம்' அவளைக் கொன்றது.

மூன்று சனிக்கிழமை கடைக்குப் போய் நின்றாள். "அவன் இப்போ சரக்கை அவங்க வீடு இருக்கிற அல்சூர்லயே வாங்கிக்கிறான்மா," என்றார் சின்னப்பா, அவள் முகத்தைப் பார்க்காமலே. அன்று மழைகூட இல்லை. ஆனாலும் அவளுக்குப் பாதை தெரியாமல் கண்ணீர் மறைத்தது. இப்படியே விட்டால் இவனை இழந்துவிடுவேன் என்று பயம் வந்தது. ரோஷம் எல்லாம் எதற்கு, தப்பு என்னுடையது.

நேராக ஹெப்பாலுக்குப் பஸ் ஏறினாள்.

புதிதாக எழும்பிய ஒரு கம்பெனி வளாகம். தோண்டிப் போட்ட மண், வரிசையாகப் பைப். முழங்காலளவு பள்ளத்தில் நின்று போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தான் கிரண். அவளைப் பார்த்தும் நிமிரவில்லை.

"டிராயிங்ல ஏதாச்சும் மாத்தமா மேடம்?"

"மாமா இல்ல," என்றாள். "தோட்டமும் இல்ல. அன்னிக்கு நீங்க திட்டினதும் பயந்து பொய் சொல்லிட்டேன். அப்புறம் உண்மையைச் சொல்லப் பயமாயிடுச்சு."

"நான் உங்க முன்னாடி எவ்ளோ பீத்திகினேன்…" என்றான், போல்ட்டை விடாமல் முறுக்கியபடி. "எல்லாம் தெரிஞ்ச டிசைனருக்கு எல்போன்னா இன்னான்னு பாடம் எடுத்திருக்கேன். ரூமுக்குப் போய்ச் சிரிச்சிருப்பீங்க."

"எனக்கு எதுவும் தெரியாது கிரண். நீங்க கையில வச்ச அப்புறம்தான் தெரிஞ்சது. ஒவ்வொரு தரமும் ரூமுக்குப் போய் நோட்டுல வரைஞ்சு வச்சேன். மூணாவது சனிக்கிழமையே அந்தப் பட்டியல் முடிஞ்சிடுச்சு."

ஸ்பேனர் நின்றது. முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"மூணு வாரத்துல முடிஞ்சிடுச்சா?"

"ம்."

"எட்டு வாரம் வந்தீங்களே. பாக்கி அஞ்சு வாரம் எதுக்கு?"

தலை குனிந்தாள். ஓடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஓடவில்லை.

"உங்களைப் பார்க்க," என்றாள்.

தூரத்தில் யாரோ அவன் பெயரைச் சொல்லி வால்வைத் திறக்கட்டுமா என்று கேட்டார்கள். இரண்டு தடவை கேட்டார்கள். கிரண் காதில் விழவே இல்லை. மண் ஒட்டிய கையைச் சட்டையில் துடைத்தான்… மறுபடியும் துடைத்தான்… பள்ளத்திலிருந்து ஏறி வந்து அவள் எதிரே நின்றான்.

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல, ரூபினி?"

"சொல்லியிருந்தா?"

"நானும் சொல்லியிருப்பேன்."

"இப்போ சொல்லுங்க," என்றாள், கண்ணீரோடு சிரித்துக்கொண்டே.

எட்டு வாரம் வாய் ஓயாமல் பேசியவன், இப்போது கன்னடத்தில் ஏதோ ஆரம்பித்து, விட்டு, இங்கிலீஷுக்குப் போய், அதையும் விட்டு, கடைசியில் வீட்டில் பேசுகிற தமிழுக்கே வந்தான்.

"எனக்கு நீங்க வேணும்," என்றான்.