சாய்வு நாற்காலிக்கு ஒரே ஆள்

அவன் எழுந்து போய் வெகு நேரமாகியும் நாற்காலியின் பிரம்புப் பின்னல் மேலே எழும்பவில்லை.

அவள் கவனித்தது தற்செயலாகத்தான். மாலை வெயில் ஜன்னலோரச் செடிகளின் இலைகளுக்குள் நுழைந்து, பழைய சாய்வு நாற்காலியின் மேல் மஞ்சளும் பச்சையுமாகச் சிதறிக் கிடந்தது. குளியலறையில் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. கணவன் குளிக்கப் போய்ப் பத்து நிமிடமாவது இருக்கும். ஆனால் இருக்கையில் இரண்டு தொடைகளின் பள்ளமும், சாய்மானத்தில் முதுகின் பள்ளமும் அப்படியே இருந்தன, யாரோ இன்னும் சாய்ந்து உட்கார்ந்திருப்பதுபோல. பள்ளத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். சூடு குறையவில்லை.

புதுப் பின்னல், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எண்ணெய்த் துணியை எடுக்கப் போனாள்.

நாற்காலி வருவதற்கு எட்டு மாதத்துக்கு முன்னால் இருவரும் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. பல் மருத்துவர்களுக்குப் பல் செட்டு செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேலை. ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போனாள். மெழுகில் பல் வரிசையைப் பதித்து, ஈறு நிறத்தில் வார்த்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, முகம் தெரியாத யாரோ ஒருவரின் சிரிப்பை டப்பாவில் போட்டு அனுப்பினாள். கைகள் பாட்டுக்கு வேலை செய்தன. மற்றதெல்லாம் பஞ்சில் சுற்றி எங்கோ வைத்தாற்போல இருந்தது.

ஒரு நாள் லேபிலிருந்து வரும் வழியில் பழைய சாமான் கடை வாசலில் நின்றாள். கால் உடைந்த ஒரு முக்காலி அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. வாங்கி வந்து, உடைந்த காலை ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு போட்டு, அதன் மேல் ஒரு செடித்தொட்டியை வைத்தாள். அன்று ராத்திரி, ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல்முறையாக, முழுசாகத் தூங்கினாள். அதன் பிறகு நிற்கவில்லை. ஓடாத சுவர்க் கடிகாரம், பித்தளைத் திசைகாட்டி, மூக்கு உதிர்ந்த மர வாத்து, ரசம் போன கண்ணாடி, ஏழு இழுப்பறை கொண்ட அலமாரி. எல்லாவற்றுக்கும் நடுவே செடிகள். வெள்ளையாய், காலியாய், பேச்சில்லாமல் இருந்த கூடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது.

கணவன் எதற்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவன் அவன். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஊரில் உள்ளவர்களின் கால்களுக்கெல்லாம் புத்தி சொல்பவன். முன்பெல்லாம் வாய் மூடாது. ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவனும் அவள் முகத்தை நேராகப் பார்ப்பதை விட்டிருந்தான். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று அவனும், அவனுக்கு வலிக்கக் கூடாது என்று அவளும் ஒரே வீட்டுக்குள் ஓரமாக நடந்து பழகியிருந்தார்கள்.

சாய்வு நாற்காலி வந்த அன்று கடைக்காரர் கூடவே வந்திருந்தார். கருந்தேக்கு, அகலமான கைப்பிடிகள், அறுகோணக் கண்களோடு புதிதாகப் பின்னிய பிரம்பு.

"பிரம்பு சும்மா கெடந்தா வீணாப்போயிடும்மா. ஆள் உக்கார உக்காரத்தான் பதம் வரும்" என்றார். "ஆனா தினமும் ஒரே ஆள்தான் உக்காரணும். ஆள் மாத்தி ஆள் உக்காந்தா கோணலா இழுத்துக்கும். ஒரு மூணு மாசம், அவ்வளவுதான்."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க உக்காருறீங்களா?"

அவள் அவனிடம் எதையும் கேட்டே எட்டு மாதம் ஆகியிருந்தது. அவன் முகத்தில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

"நாள் பூரா சீட்டுல உக்காந்து இடுப்பு ஒடியுது. வீட்டுக்கு வந்தா இங்கயும் சீட்டா?" என்றான், சிரித்துக்கொண்டே. "சரி சரி, உக்காந்துட்டாப் போச்சு. இதுல கிளட்ச்சு இல்லையே!"

அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலில் மாலையில் அரை மணி நேரம். பிறகு சாப்பாடு வரைக்கும். பிறகு சாப்பாடும் அங்கேயே. அவள் சுற்றிச் சுற்றி வேலை செய்வாள். இலைகளை ஈரப் பஞ்சால் துடைப்பாள், மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுவாள், வாத்தைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பாள். எண்ணெயும் ஈரமண்ணும் பழைய மெழுகும் கலந்த வாசனை கூடத்தில் கனமாகத் தொங்கும். அவன் கண்கள் அவள் பின்னாலேயே போய்வரும். பேச்சு தேவைப்படவில்லை. வீடு இதமாக இருந்தது. யார் வந்து பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஒரு நாள் காலை சட்டை மாட்டும்போது அவன் முதுகைப் பார்த்தாள். பிரம்புக் கண்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருந்தன. ராத்திரி முழுக்கப் படுக்கையில் படுத்திருந்தவன் முதுகு.

"வலிக்குதா?"

"எது?"

விரலால் தொட்டாள். கண்களின் ஓரங்கள் தடித்து, வழுவழுவென்று இருந்தன. தோலில் பதிந்த தடம்போல இல்லை. பின்னியதுபோல இருந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள்.

அன்று மாலை அவன் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. நாற்காலியிலிருந்து வரவில்லை. அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவன் முழங்காலிலிருந்து வந்தது.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, செடித்தாங்கி ஒன்று பார்க்கக் கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்தபடி விசாரித்தார்.

"நாற்காலி எப்படிம்மா இருக்கு? பதம் வந்துச்சா?"

"வந்துடுச்சு. முன்ன யாரு வச்சிருந்தாங்க அத?"

"ஒரு அம்மா. தனியா இருந்தாங்க. வீட்டுக்காரர் எங்கயோ போயிட்டாருன்னு சொன்னாங்க." அவர் தாங்கியைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணு மட்டும் வேடிக்கைம்மா. அங்கேர்ந்து எடுக்கும்போது நாலு பேரு தூக்க முடியாமத் தூக்கினோம். அவ்வளவு கனம். கடையில வச்சு பழைய பின்னலப் பிச்சுப் போட்டேன் பாருங்க, அப்புறம் ஒரே ஆளு தூக்கிட்டான்."

"பழைய பின்னல் என்ன ஆச்சு?"

"எரிச்சுட்டேன். ரொம்ப நேரம் எரிஞ்சுது" என்றார். கொஞ்சம் யோசித்தார். "நாத்தம்மா. பிரம்பு அப்படி நாறாது."

அவள் தாங்கியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. அடுப்பில் பால் பொங்கப்போகிறது என்று தெரிவதைப்போல, தூரத்தில், அடுத்த வீட்டு அடுப்பில்.

கதவைத் திறந்தாள். அவன் நாற்காலியில் இருந்தான். அவள் கிளம்பியபோது வைத்துவிட்டுப் போன தட்டு அப்படியே இருந்தது.

"சாப்பிடலையா?"

"பசிக்கல."

"வேலைக்குப் போகல?"

"கால்ல உணர்ச்சியே இல்ல. காலையிலேர்ந்து." குரல் எங்கோ அடியிலிருந்து, காலி இழுப்பறைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. "எந்திரிக்கணும்னு தோணவே மாட்டேங்குது. ஆனா நீ எந்திரின்னு சொன்னா எந்திரிச்சுடுவேன். நீ சொல்லு."

அவள் நின்றாள். அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். எட்டு மாதமும் மூன்று மாதமும் கழித்து, முதல்முறையாக. அந்தக் கண்களில் அவள் பார்க்க விரும்பாதது எல்லாம் இருந்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். நர்ஸ் நீட்டிய வெள்ளைத் துணி. அதை வாங்கிக்கொண்ட அவனுடைய இரண்டு கைகள். எந்திரிங்க என்று சொன்னால் அவன் எழுந்து வருவான். வந்தால் கட்டிக்கொள்வான். கட்டிக்கொண்டால் பஞ்சு பிரியும். அதற்குள் இருப்பது வெளியே வரும்.

வாயைத் திறந்தாள்.

மாலை வெயில் கடிகாரத்தின் மேல் விழுந்தது. திசைகாட்டி மின்னியது. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

"அஞ்சு நிமிஷம் இருங்க" என்றாள். "செடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துடறேன்."

"சரி" என்றான் அவன்.

பதினாறு தொட்டிகள். ஒவ்வொன்றாக ஊற்றினாள். மெதுவாக ஊற்றினாள். மண் தண்ணீரை உறிஞ்சும் சத்தம். முதுகுக்குப் பின்னால் ஏதோ இறுகும் சத்தம், ஈரக் கயிற்றை முறுக்குவதுபோல. திரும்பவில்லை. கடைசித் தொட்டி. இன்னொரு முறை முதல் தொட்டி.

திரும்பினாள்.

சட்டை மட்டும் சாய்மானத்தில் தொங்கியது. எடுத்தாள். சுலபமாக வந்தது. அடியில் மரம் நல்ல நிறமாக இருந்தது. கைப்பிடிகளின் நுனியில் முன்பு செதுக்கல் எதுவும் இருந்ததில்லை. இப்போது ஐந்தைந்து மேடுகள். எண்ணிப் பார்த்தாள். சட்டையை மடித்து ஏழாவது இழுப்பறையில் வைத்தாள்.

நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். அசையவில்லை.

எட்டு நாள் போயிற்று. லேபுக்குப் போனாள், வந்தாள். மாலையில் எண்ணெய் பூசினாள். நாற்காலி மற்ற சாமான்களைவிட அதிகமாகக் குடித்தது.

ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் நாத்தனார் வந்தாள். கணவனுக்கு ஒரே தங்கை. கையில் பழப்பை, வாசலிலேயே சண்டை.

"என்ன அண்ணி, ரெண்டு பேரும் போனை எடுக்க மாட்டீங்களா? ஒரு வாரமா அடிக்கறேன். ஆளு எங்க?"

"இங்கதான் இருக்காரு" என்றாள் அவள்.

"டேய் அண்ணா! குளிச்சது போதும், வெளிய வா! உனக்கு இருக்கு இன்னிக்கு!" என்று உள்ளே பார்த்துக் கத்திவிட்டு, நாத்தனார் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். வாய் தானாக மூடிக்கொண்டது. "அய்யோ அண்ணி... இது நம்ம வீடா? என்ன அழகு! எனக்கு இப்பத்தான் உசுரே வந்துது. நீங்க எப்படி இருக்கீங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"உக்காரு. டீ போடறேன்."

அடுப்படியிலிருந்து டம்ளரோடு வந்தபோது நாத்தனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, காலை நீட்டி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துக்கொண்டு.

"அதுல..." என்றாள் அவள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"என்ன சுகம் அண்ணி இது! வெதுவெதுன்னு இருக்கு. யாரோ மடியில வச்சுக்கிட்ட மாதிரி." நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். கொதிக்கும் டீ டம்ளரை வாங்கிக் கைப்பிடியின் நுனியில், ஐந்து மேடுகளின் மேல் வைத்தாள். "மூச்சு விடற மாதிரி லேசா ஏறி எறங்குது, கவனிச்சிருக்கீங்களா? நல்ல வேலைப்பாடு. அண்ணன் வர்ற வரைக்கும் நான் எந்திரிக்கப்போறதில்ல, சொல்லிட்டேன்."

டம்ளரின் அடியில் மெருகு வெளுத்தது. வட்டமாக. வட்டத்துக்குள் ஒரு மேடு நடுங்கியது. டீ தளும்பியது.

சாய்மானத்தின் உச்சியில், நாத்தனாரின் தலைக்குச் சற்று மேலே, மரத்தின் ரேகைகள் இரண்டு இடத்தில் விலகின. ஈரமாக. பழுப்பாக. அவை டம்ளரைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன. சொல்லு என்பதுபோல.

அவள் அருகில் போனாள். குனிந்தாள்.

டம்ளரை மெதுவாகத் தூக்கி, சூடு படாமலிருக்க, கீழே ஒரு துணியை மடித்து வைத்தாள்.