ஆமையாருக்கு நாலு செல்

அவனுக்கு நடக்கவே தெரியாது. ஓட மட்டும்தான் தெரியும். அதனால்தான் வீட்டில் எல்லாரும் அவனை ரயில் என்று கூப்பிட்டார்கள்.

அப்பேர்ப்பட்ட ரயில் இப்போது கட்டிலில் படுத்துக் கிடந்தது. மாடிப்படியின் கடைசி ஐந்து படிகளை ஒரே தாவலில் தாண்டிவிடலாம் என்று ஒருநாள் அவனுக்கு யோசனை வந்தது. நாலு படிகளைத் தாண்டியும் விட்டான். ஐந்தாவதுதான் காலை வாரிவிட்டது. வலது காலில் முட்டிவரை மாவுக்கட்டு.

வலி சீக்கிரமே போய்விட்டது. அவனுக்குப் பெரிய கஷ்டம் வேறு. தண்ணீர் வேண்டுமென்றால் "அம்மா" என்று கத்த வேண்டும். கலர் பென்சில் கீழே விழுந்தால் "அக்கா" என்று கத்த வேண்டும். தொட்டில் குழந்தை மாதிரி ஆகிவிட்டோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நாளில் கத்துவதையே நிறுத்திவிட்டான். தாகம் எடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தான். பக்கத்து வீட்டு மாமா நலம் விசாரிக்க வந்தபோது, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல் நடித்தான்.

இது அக்காவுக்குத் தாங்கவில்லை. அவள் ரயிலைவிட மூன்று வயது பெரியவள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு குட்டி ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பாள் என்பதால் அப்பா அவளை ஸ்க்ரூ என்று கூப்பிடுவார். ஆறின டீயைக் கொடுத்தால்கூட "இதை எங்கே கழற்றலாம்?" என்று பார்ப்பாளாம். அது அப்பாவின் கிண்டல்.

அவள் ஒரு ரோபோ செய்தாள். ஒரு பலகை, அதன் அடியில் இரண்டு மோட்டார், இரண்டு பெரிய சக்கரம், முன்னால் தானாகத் திரும்பும் ஒரு குட்டிச் சக்கரம். பலகையின் மேலே ஒரு எவர்சில்வர் தட்டு. ரிமோட்டில் இரண்டு குச்சிகள். சமையலறை வாசல், ஹால், ரயிலின் கட்டில் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருந்தன. ரயில் கட்டிலில் சாய்ந்தபடியே அதை ஓட்டலாம். சமையலறைக்கு அனுப்பலாம், தட்டில் அம்மா வைப்பதைத் தன்னிடம் வரவைக்கலாம். யாரையும் கத்திக் கூப்பிட வேண்டியதில்லை.

முதல் நாள் அது நகர்ந்த அழகைப் பார்த்து ரயில் அதற்கு ஆமையார் என்று பேர் வைத்தான். மரியாதை கொடுத்தாலாவது கொஞ்சம் வேகமாக வருவார் என்று நம்பிக்கை.

ஆமையார் ஏன் அப்படி ஊர்ந்தார் என்பது ஸ்க்ரூவுக்குப் புரியவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய நம்பர் போட்டதாகப் பார்த்து, ஒன்பது வோல்ட் பேட்டரி வாங்கி வந்திருந்தாள். சின்னப் பெட்டி மாதிரி இருக்குமே, தலையில் இரண்டு பொத்தான் வைத்து, அதுதான். தட்டு காலியாக இருந்தால் ஆமையார் எப்படியோ நகர்ந்தார். ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்ததும் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிட்டார்.

ஸ்க்ரூ பள்ளி அறிவியல் ஆசிரியையிடம் கேட்டு ஒரு மல்டிமீட்டர் வாங்கி வந்தாள். பேட்டரியில் எவ்வளவு வோல்ட் இருக்கிறது என்று காட்டும் கருவி அது. சும்மா இருக்கும்போது பேட்டரி ஒன்பது என்று பெருமையாகக் காட்டியது. சக்கரத்தைக் கையால் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, மோட்டாரைத் திணறவிட்டுப் பார்த்தாள். எண் மளமளவென்று இறங்கியது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் மெல்லிய குழாயை மாட்டினால் என்ன ஆகும்? தொட்டி எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் வாளி நிறைய நேரமாகும். அந்தப் பேட்டரியும் அப்படித்தான். வோல்ட் நிறைய இருந்தது. ஆனால் மோட்டார் கேட்ட வேகத்தில் மின்சாரத்தைக் கொடுக்க அதனால் முடியவில்லை.

அடுத்து, சார்ஜ் செய்யக்கூடிய விரல் அளவு செல் நாலு வாங்கினாள். நாலும் சேர்ந்தாலும் ஐந்து வோல்ட்கூட வராது. ஆனால் அவற்றை மாட்டியதும் ஆமையார் தண்ணீர் பாட்டிலோடு ஹாலைத் தாண்டிக் கட்டில் காலில் 'டொக்' என்று வந்து முட்டினார். ரயில் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, காலி பாட்டிலைத் தட்டில் வைத்து மறுபடி அனுப்பினான். அன்று அவனுக்குத் தாகம் எடுத்ததுபோல் உலகத்தில் யாருக்கும் எடுத்திருக்காது.

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா பஸ் ஓட்டுநர். தங்கமான மனிதர். ஆனால் எந்தச் செல்லும் செத்துப்போகும் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் முதலில் அதை உள்ளங்கையில் தட்டுவார். அப்புறம் செல்லை உருட்டிவிடுவார். அப்புறம் இடது செல்லை வலப்பக்கம் மாற்றுவார். அதற்கும் மசியாவிட்டால் ஜன்னலோரம் வெயிலில் காய வைப்பார். காய்ந்ததை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். அந்த டப்பாவைத் தூக்கிப் போட அம்மா எத்தனையோ தடவை முயன்று தோற்றுப்போனாள்.

சார்ஜரைக் கண்டதும் அப்பாவுக்குக் கண் பளபளத்தது. டப்பாவோடு வந்து நின்றார். ஸ்க்ரூ பாய்ந்து தடுத்தாள். சாதாரண செல்லைச் சார்ஜரில் போடவே கூடாது, கசிந்துவிடும், வெடிக்கவும் வெடிக்கலாம் என்று விளக்கினாள். அதற்கென்றே செய்த செல்லை மட்டும்தான் போடலாம், நாலையும் சேர்த்துச் சார்ஜ் செய்து சேர்த்தே பயன்படுத்த வேண்டும் என்றும் சொன்னாள். அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டப்பாவோடு திரும்பிப் போனார்.

அந்த வாரம் ரயிலுக்குப் பள்ளி நண்பனிடமிருந்து போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவனைப் பார்க்க நண்பர்கள் மூன்று பேர் வருகிறார்களாம். முதலில் ரயிலின் முகம் சுருங்கியது. அப்புறம் ஆமையாரைப் பார்த்தான். "வாங்கடா, உங்களுக்கு ஒண்ணு காட்டுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். நோயாளியாகப் போர்வைக்குள் கிடக்காமல் ரோபோ ஓட்டுகிறவனாக உட்கார்ந்திருக்கப் போகிறோம் என்ற நினைப்பே அவனுக்குத் தெம்பாக இருந்தது. அன்றிலிருந்து நாளை எண்ண ஆரம்பித்தான்.

ஞாயிறு காலை சார்ஜரில் நாலு பச்சை விளக்கும் எரிந்தன. ஸ்க்ரூ நாலு செல்லையும் பலகையின் அடியில் மாட்டி, ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஆமையார் பேருக்குப் பொருத்தமில்லாமல் பறந்தார். திருப்தியோடு குளிக்கப் போனாள். பிறகு அம்மாவோடு கடைக்குப் போய் பிஸ்கட்டும் ஜூஸும் வாங்கி வந்தாள்.

மூன்றரை மணிக்கு ஒரு கடைசி ஒத்திகை. தட்டில் பிஸ்கட்டும் நாலு டம்ளர் ஜூஸும் வைத்தார்கள். ரயில் குச்சிகளைத் தள்ளினான். ஆமையார் சமையலறை வாசலைத் தாண்டினார், ஹாலுக்குள் வந்தார், நடு ஹாலில் 'ம்ம்ம்' என்று முனகி நின்றார்.

அம்மா வீட்டிலேயே துணி தைப்பவள். ஹால் தரையில் எப்போதும் நூல் கிடக்கும். நூல்தான் சக்கரத்தில் சுற்றியிருக்கும் என்று ஸ்க்ரூ மண்டியிட்டுப் பார்த்தாள். சுற்றித்தான் இருந்தது. சிவப்பும் நீலமுமாக ஒரு கொத்து நூலை உருவி எடுத்தாள். ரயில் மறுபடி குச்சியைத் தள்ளினான். ஆமையார் நாலு விரற்கடை நகர்ந்து மறுபடி நின்றார்.

ரயில் ரிமோட்டை மடியில் வைத்தான். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். போர்வையின் நுனியைக் கையில் சுருட்டினான்.

"அக்கா, அவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லிடலாமா? நான் தூங்குறேன்னு சொல்லிடு."

இவ்வளவு ஆசையாகச் செய்தும் இந்த நேரம் பார்த்துத் தம்பியைக் கைவிட்டுவிட்டோமே என்று ஸ்க்ரூவுக்கு அழுகை வந்தது. ஆனால் அழ நேரமில்லை.

"பத்து நிமிஷம் கொடுடா. அதுக்கப்புறம் தூங்கிக்கோ" என்றாள்.

தட்டை இறக்கி வைத்துவிட்டு மீட்டரை எடுத்தாள். ஆமையார் சும்மா நிற்கும்போது நாலு செல்லும் ஏறக்குறைய ஒரே எண்ணைத்தான் காட்டின. ஒன்பது வோல்ட் பேட்டரியும் முதலில் இப்படித்தானே பெருமையடித்தது என்று அவளுக்கு நினைவு வந்தது. அம்மாவைச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ரயிலைக் குச்சியைத் தள்ளச் சொல்லி, ஒவ்வொரு செல்லாகத் தொட்டுப் பார்த்தாள். மூன்று செல்லின் எண் அவ்வளவாக அசையவில்லை. நாலாவதில் எண் சரசரவென்று சரிந்தது.

அந்தச் செல்லை வெளியே உருவினாள். அப்போதுதான் நிறத்தைக் கவனித்தாள். மற்ற மூன்றும் வெள்ளை. இதுவோ சாயம் போன நீலம். ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது.

ஸ்க்ரூ மெதுவாகத் தலையைத் தூக்கினாள். அப்பா மின்விசிறியை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவரைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவளும் அம்மாவும் கடைக்குப் போயிருந்தபோது ரயிலின் அறைக் கடிகாரம் நின்றுவிட்டதாம். நாலு மணி எப்போது வரும் என்று காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, முள் நகராததைப் பார்த்துத் தவித்துப்போனானாம். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பிள்ளையின் கடிகாரத்துக்கு வீட்டிலேயே நல்ல செல்லாகப் போட வேண்டும் என்று ஆமையாரிடமிருந்து ஒன்றைக் கழற்றி, அதற்குப் பதில் டப்பாவில் இருந்ததை மாட்டிவிட்டார்.

"நாலுல ஒண்ணுதானேன்னு நினைச்சேன்டா ஸ்க்ரூ. மத்த மூணும் இழுத்துக்கும்னு பார்த்தேன்" என்றார். பஸ் முழுக்க இருக்கிறவர்களை அதட்டுகிற குரல் அது. இப்போது அவருக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

ஸ்க்ரூவுக்குக் கோபம் வந்த வேகத்தில் போயும் விட்டது. தான் ரோபோ செய்ததும் அப்பா செல்லைத் திருடியதும் ஒரே பிள்ளைக்காகத்தான்.

"மூணு பேர் பெஞ்சைத் தூக்கும்போது நாலாவது ஆள் அதுல ஏறி உட்கார்ந்தா எப்படிப்பா? அதான் நடந்திருக்கு" என்றாள். "சரி, டப்பாவை எடுத்துட்டு வாங்க."

அப்பா நம்ப முடியாமல் பார்த்தார். "எதுக்கு, தூக்கிப் போடவா?"

"கடிகாரத்துக்குச் செல் வேணும். மோட்டார் மாதிரி கடிகாரம் மடமடன்னு குடிக்காது. சொட்டுச் சொட்டாத்தான் குடிக்கும். உங்க செல்லுல பாதிக்கு அந்த வேலைக்குத் தெம்பு இருக்கும்."

அப்பா ஓடிப்போய் டப்பாவைக் கொண்டுவந்தார். ஸ்க்ரூ ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்த்தாள். கசிந்தவை, ஒன்றுமே காட்டாதவை ஒரு பக்கம். பரவாயில்லாதவை ஒரு பக்கம். அவற்றில் சிறந்ததை அப்பாவே தேர்ந்தெடுத்தார். மாப்பிள்ளை பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ரயிலின் அறைக்குப் போய் கடிகாரத்தைக் கழற்றியபோது அவன் பதறிப்போய் என்ன ஆச்சு என்று கேட்டான். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் ஸ்க்ரூ முந்திக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லடா. ரெண்டு செல் இடம் மாறி உட்கார்ந்திருக்கு. அவ்வளவுதான்."

வெள்ளைச் செல் ஆமையாருக்குள் போனது. டப்பாவில் இருந்து வந்தது கடிகாரத்துக்குள் போனது. கடிகாரம் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் 'டிக்' என்றது, மறுபடி 'டிக்' என்றது. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டுவர முடியாது. அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹாலில் கிடந்த நூலைப் பெருக்கினாள்.

ஒத்திகைக்கு நேரமில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் வந்துவிட்டார்கள். வந்தவர்கள் மாவுக்கட்டைப் பார்த்ததும் தயங்கி, சுவரோரமாக வரிசையாக நின்றார்கள். ஒருத்தி மட்டும் வலிக்குதா என்று மெதுவாகக் கேட்டாள்.

ரயிலின் கண் சமையலறை வாசலில் இருந்தது. இரண்டு கட்டைவிரலாலும் குச்சிகளைத் தள்ளினான்.

தட்டு நிறைய பிஸ்கட்டும் ஜூஸுமாக ஆமையார் வாசலைத் தாண்டினார். ஹாலுக்குள் வந்தார். நடு ஹாலில் அவர் போன தடவை நின்ற இடம் வந்தபோது ஸ்க்ரூ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா தன்னை அறியாமல் வலது காலால் தரையை அழுத்தினார், ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல. ஆமையார் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டி, சுவர்ப் பக்கமாக வளைந்து, மூன்று நண்பர்களின் நடுவே வந்து நின்றார். ஒரு சொட்டு ஜூஸ் சிந்தவில்லை.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இது எப்படி ஓடுகிறது, யார் கொண்டுவந்தது என்று ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து கேட்டார்கள்.

ரயில் போர்வையைக் காலால் ஒதுக்கித் தள்ளினான். மாவுக்கட்டு முழுசாகத் தெரிந்தது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

"நான்தான் போய் எடுத்துட்டு வந்தேன்" என்றான். "இன்னும் வேணும்னா சொல்லுங்க, மறுபடி போயிட்டு வரேன்."