பதினாலாம் தேதிப் படங்கள்

கூட்ஸ் வண்டியின் ஹார்ன் நீளமாக ஒலித்தது. கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டு தமிழ்நிலா தண்டவாளத்தை விட்டுத் துள்ளி இறங்கினாள்.

வண்டி வரவில்லை. வரவும் முடியாது. நெல் மூட்டை ஏற்றிப் போகும் அந்தச் சரக்குப் பாதையில் ஆறு மாதமாகப் போக்குவரத்து இல்லை. குடமுருட்டி ஆற்றின் குறுக்கே இருந்த பாலத்தைப் புதுப்பிப்பதற்காக இரு கரையிலும் தண்டவாளத்தைக் கழற்றி வயலோரம் அடுக்கிவிட்டார்கள். பாலத்தின் மேல் மட்டும் பழைய தண்டவாளம் கிடந்தது, தலையும் வாலும் வெட்டிய பாம்பு போல.

"லாரி ஹார்னுக்கா இந்த ஓட்டம்?" பாலத்தின் நடுவில் சிலேட்டோடு நின்ற அவள் கணவன் மணிவண்ணன் சிரித்தான். "மாலையும் கழுத்துமா என்னைப் பார்த்தப்பகூட நீ இப்படி மிரளலையே, நிலா."

"அன்னிக்கே மிரண்டிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

பாபநாசத்தில் அவர்களுக்கு ஒரு ஸ்டுடியோ. அவள் படமெடுப்பாள், அவன் விளக்குப் பிடிப்பான். பால வேலையில் ஏற்படும் மாற்றங்களைச் செவ்வாய்தோறும் ஒரே இடத்தில் நின்று மூன்று படம் எடுத்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்ப வேண்டும். பால எண்ணும் தேதியும் எழுதிய சிலேட்டை ஓர் ஆள் பிடித்திருக்க வேண்டும். இன்றைய ஏழாம் தேதிப் படங்கள் முடிந்தன. அடுத்த செவ்வாய் ஊரில் முகூர்த்தம், வர முடியாது. வேலையும் ஒரு மாதமாக ஓர் அங்குலம்கூட நகரவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது?

"பதினாலுன்னு மாத்தி எழுதுங்க. அதையும் இப்பவே எடுத்துடறேன்."

"அடிப்பாவி, ஃபிராடு!" என்றபடி எச்சில் தொட்டு 7-ஐ அழித்து 14 என்று எழுதினான்.

நடவு முடிந்த குறுவை வயல்களிலிருந்து வந்த சேற்று வாசனையும், வெயிலில் உருகிய கிரீஸ் நெடியும், பாலத்தின் கால்களில் மோதி உடைந்த தண்ணீரின் ஓசையும் ஒன்றாகக் கலந்து அவளைச் சுற்றி நிற்க, தண்டவாளத்தில் ஊன்றியிருந்த இடது காலின் கீழே மெல்லிய அதிர்வு ஒன்று தொடங்கி, முழங்கால் வரை ஏறியது.

கிளிக். கிளிக். கிளிக்.

அதிர்வு நின்றது. அவள் திரையைப் பார்த்தாள்.

முதல் படம். நீலச் சட்டையில் மணிவண்ணன் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால், தண்டவாளமே இல்லாத கரையில், இஞ்சினின் விளக்கு.

இரண்டாவது. இஞ்சின் அவன் மேல். இடுப்புக்குக் கீழே எல்லாம் சக்கரத்துக்குள் மடிந்திருந்தது. வாய் பிளந்திருந்தது. கண்கள் அவளையே பார்த்தன.

மூன்றாவது. வண்டி இல்லை. தண்டவாளக் கட்டைகள் மேல் ரத்தம். நீலத் துணி. முழங்கையோடு அறுந்த வலது கை. அது சிலேட்டை விடவில்லை.

14.

நிமிர்ந்தாள். அவன் முழுசாக நின்றுகொண்டிருந்தான். "சிரிச்சது போதுமா? இல்ல, அழுது காட்டணுமா?"

அவள் ஓடினாள். சிலேட்டைப் பிடுங்கித் தண்டவாளத்தில் ஓங்கி அடித்தாள். துண்டுகளை ஆற்றில் வீசினாள். மூன்று படங்களையும் அழித்தாள்.

கழற்றிய இரும்புக்குக் காவலாக அமர்த்தப்பட்டிருந்த இராஜாங்கம் தூக்கம் கலைந்து எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அந்தச் சிலேட்டு உங்களை என்ன பண்ணுச்சு?"

அவள் கணவனின் கையைப் பற்றினாள். "பதினாலாம் தேதி நீங்க என் கண்ணை விட்டு நகரக் கூடாது."

"கட்டளையா? நான் என்னிக்கு நகர்ந்தேன்?"

பதினாலாம் தேதி விடிந்ததிலிருந்து அவன் அவள் பக்கத்திலேயே இருந்தான். அதே நீலச் சட்டையை எடுத்தபோது பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி, வெள்ளைச் சட்டை கொடுத்தாள். கல்யாண மண்டபத்தில் அவன் விளக்குப் பிடிக்க, அவள் படமெடுத்தாள். இரண்டு படத்துக்கு ஒரு தரம் திரும்பி அவன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். பாலம் பத்து கிலோமீட்டருக்கு அப்பால். இந்த ஒரு பகல்தான். கடந்துவிட்டால் போதும்.

கெட்டி மேளம் முழங்கியது. தாலி ஏறும் அந்த நொடியில், மேளத்துக்கும் நாதஸ்வரத்துக்கும் மேலே, நீளமாக ஒரு ஹார்ன்.

வேறு யாரும் திரும்பவில்லை.

அவள் திரும்பினாள். விளக்கு தரையில் கிடந்தது. அவன் இல்லை.

வாசல். பந்தி. மாடிப்படி. இல்லை. எங்கும் இல்லை.

மேடைக்கு ஓடி வந்தாள். விளக்கோடு அவன் நின்றுகொண்டிருந்தான்.

"எங்க போனீங்க?"

"பேட்டரி மாத்த. படத்தை எடு நிலா, எல்லாரும் பார்க்கறாங்க."

மூச்சு திரும்பியது. கேமராவைத் தூக்கினாள். அப்போதுதான் வாசனை வந்தது. மல்லிகைக்கும் சாம்பாருக்கும் நடுவே, சேறு. கிரீஸ். விளக்கு அவனது இடது கையில் இருந்தது. வலது கையை ஒரு துண்டுக்குள் சுருட்டியிருந்தான்.

போன் அடித்தது. இராஜாங்கம்.

"அம்மா..." அவர் குரல் உடைந்தது. "பாலத்துக்கு வாங்கம்மா. உங்க வீட்டுக்காரரு... ரெண்டு துண்டாக் கெடக்குறாரும்மா. வண்டியே வராத தண்டவாளத்துல. நீலச் சட்டைதான் போட்டிருக்காரு. கை தனியாக் கெடக்கு. அதுல அந்தச் சிலேட்டு. நீங்க ஒடச்சு ஆத்துல போட்டீங்களே, அதேதான். முழுசா இருக்கும்மா..."

விளக்கின் சூடு அவள் பின்கழுத்துக்கு நெருங்கி வந்தது. இன்னும் நெருங்கியது. மேடையில் விரித்திருந்த ஜமுக்காளத்தில் ஏதோ சொட்டியது. சிவப்பாக. ஒரு சொட்டு. இன்னொன்று.

திரும்ப முடியவில்லை. கழுத்து அசையவில்லை.

காதோரம், அதே செல்லக் குரல்.

"போன்ல யாரு நிலா? என்னைக் கண்டுபிடிச்சிட்டாங்களா?"