தோளில் மிஞ்சின கை

எண்பத்தாறாம் ஆண்டு தையில, ரொறன்ரோவில ஒரு பழைய ஆஸ்பத்திரியில எனக்கு லோண்டரி வேலை கிடைச்சது. இலங்கையில நான் டொக்டர். இங்க டொக்டர்மாற்ற வெள்ளைக் கோட்டுகளைத் தோய்க்கிறன். சிரிக்காதேங்கோ.

பழைய கட்டடத்தின்ர நடையில பகலிலயும் இருட்டு. ஹீற்றர் போட்டும் விறைக்கும். கிருமி கொல்லுற காபோலிக் மணம் வேற. அந்த மருந்தை இப்ப ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. சுவரில நூறு வருசத்துக்கு முந்தின டொக்டர்மாற்ற படம். ஓரத்தை ஆரோ வெட்டியிருந்தினம். முன்னுக்கு இருந்தவற்ற தோளில ஒரு கை மட்டும் மிச்சம். பொம்பிளைக் கை.

"இங்க வந்த முதல் பொம்பிளை டொக்டர்," எண்டா என்னோட வேலை செய்த பேர்ணடெற். "அவவைத் துரத்தச் சொல்லி ஆம்பிளையள் மனுக் குடுத்தவங்களாம். உனக்காக நிப்பன் எண்டு சத்தியம் பண்ணின, முன்னுக்கு இருக்கிற இந்த ஆளும் கையெழுத்து வைச்சிட்டான்."

அண்டைக்கு மத்தியானம் கோட்டுகளோட அந்த நடையால போறன்.

"டொக்டர்."

திரும்பினன். ஒருத்தருமில்லை.

பயத்தில கோட்டுகளை இறுக்கிப் பிடிச்சன். எண்டாலும், என்னை அப்பிடிக் கூப்பிட்டு எத்தினை வருசம்! விசரி மாதிரி சந்தோசமாவும் இருந்தது.

ஸ்ரீதரன் அந்த ஆஸ்பத்திரியிலதான் டொக்டர். என்னோட படிச்சவன், அனற்றொமிப் பாடத்தை நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான். என்ர பத்திரமெல்லாம் எண்பத்திமூண்டுக் கலவரத்தில கொழும்பு வீட்டோட எரிஞ்சு போச்சு. நான் டொக்டர்தான் எண்டு அவன் ஒரு கடிதம் குடுத்தால் பயிற்சி இடம் கிடைக்கும்.

"யோசியாதையும் தவமலர், எழுதித் தாறன்," எண்டவன்.

மாசியில எனக்கு இடமில்லை எண்டு மறுமொழி வந்தது. நான் தன்னோட வேலை செய்த நேர்ஸ் எண்டு ஸ்ரீதரன் எழுதியிருக்கிறான், பாவி.

அந்தப் படத்துக்கு முன்னால அவனை மறிச்சன்.

"ஏன்ரா இப்பிடிச் செய்தனீ?"

"மெல்லமாக் கதையும்." குசுகுசுத்தான். "ஒரேயொரு இடம். என்ர தம்பியும் அப்ளை பண்ணியிருக்கிறான்."



காபோலிக் மணம் குப்பெண்டு வந்தது.

"டொக்டர்."

"யெஸ்?" எண்டு அவன் திரும்பினான்.

"உன்னை இல்லை." இங்கிலிசில, அவன்ர காதுக்குள்ள ஒரு பொம்பிளைக் குரல்.

தோளைப் பொத்திக்கொண்டு ஓடினான். நான் படத்தைப் பாத்தன். முன்னுக்கு இருந்தவற்ற தோள் வெறுமையாக் கிடந்தது.

இடம் தம்பிக்குத்தான் போச்சு. நான் இப்பவும் லோண்டரியில. திங்களுக்குத் திங்கள் ஸ்ரீதரன்ர கோட்டு வரும். தோளில அஞ்சு விரல் அடையாளம். எவ்வளவு பிளீச் விட்டாலும் போகாது. புதுக் கோட்டு குடுத்தும் பாத்தாச்சு; அதிலயும் விழுந்திட்டுது.

நான் தேய்க்கிறதை விட்டிட்டன். விரிச்சு வைச்சுப் பாத்துக்கொண்டு நிப்பன். பின்னால மெல்லமாக் கேக்கும்.

"டொக்டர்."

"ஓம்," எண்டுவன்.