வேலியில் ஒரு கை!

“ஐயோ...!”

விடிந்தும் விடியாத நேரம். பண்ணைக்காரம்மா போட்ட அலறலில், கூவ ஆரம்பித்த சேவல் பாதியில் நிறுத்திக்கொண்டது.

பட்டிக்குள் இரண்டு ஆடுகள் செத்துக் கிடந்தன. கழுத்து கிழிந்து... குடல் சரிந்து...

மின்வேலிக்கு அடியில் ஒரு குழி. வேலிக்கு வெளியே, தெருவோரம், ஒரு குட்டி. அதுவும் செத்துவிட்டது.

குட்டியின் மேல் குனிந்து நின்றது ஒரு கறுப்பு நாய்.

தலையை நிமிர்த்தியது. வாயெல்லாம் ரத்தம்!

“பிரேக்!” என்று கத்தினாள்.

அதுதான் நாயின் பெயர். வளர்ப்பவர் பக்கத்து வீட்டு டிரைவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பெயர்தான் பிரேக்... பிறந்ததிலிருந்து அது ஒரு இடத்தில் நின்றதில்லை. போன மழைக்காலத்தில் பட்டிக்குள் புகுந்து ஆடுகளை விரட்டியது. சினை ஆடு ஒன்றுக்குக் குட்டி கலைந்தது. அதற்குப் பிறகுதான் அவள் மின்வேலி போட்டாள்.

டிரைவரும் அன்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ‘இனிமே ஒரு ஆட்டுல இவன் வாய் வெச்சா, ஊசி போட்டுக் கொல்ல நானே டாக்டரைக் கூப்பிடறேன்!’

இப்போது அவர் சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். குட்டியைப் பார்த்தார். நாயின் வாயைப் பார்த்தார்.

“தங்கச்சி... இவன் அந்தக் கம்பிப் பக்கமே போகமாட்டான்மா. ஒரு தடவை மூக்குல ஷாக் அடிச்சதுல இருந்து, துணிக் கொடியைப் பார்த்தாக்கூட சுத்திக்கிட்டுப் போறான்!”

“அப்ப இந்த ரத்தம்? வெத்தலை போட்டானா?”

டிரைவர் நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அண்ணி! என்னாச்சு அண்ணி?”

மூச்சிரைக்க ஓடி வந்தான் அவளுடைய கொழுந்தன். இறந்துபோன கணவனின் தம்பி.

“வேன்ல இந்தப் பக்கமா வந்தேன்... உங்க சத்தம் கேட்டுச்சு. கடவுளே! தாயில்லாப் புள்ளைங்க மாதிரி வளர்த்தீங்களே!”

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“அதுக்குத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். ஒத்தைப் பொம்பளையா இந்தப் பண்ணை வேணாம்... ஆட்டையெல்லாம் வித்துட்டு நிலத்தை எங்கிட்ட விட்டுருங்கன்னு. கேட்டீங்களா?”

“இப்ப அதுவா பேச்சு?”

“சரி, பேசல. முதல்ல இந்தச் சனியனுக்கு ஒரு முடிவு கட்டுங்க. யோவ் பெரிசு! வாக்குக் கொடுத்த மனுஷன்தானே நீ?”

டிரைவர் போனை எடுத்தார்.

“டாக்டரம்மா... ஊசியோட வாங்க.”

கால்நடை டாக்டர் வந்து இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. ஐம்பது வயது. தூக்கம் கலைந்த கோபம் முகத்தில் அப்படியே இருந்தது.

டிரைவர் ஈர மண்ணில் உட்கார்ந்து, நாயின் தலையை மடியில் வைத்திருந்தார். அது வாலை ஆட்டியது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவரோடு இருக்கும் ஒரே உயிர்.

“பின்னாடி பக்கமாப் போடுங்கம்மா...” நாயின் காதைத் தடவினார். “கடைசி வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கட்டும்.”

பண்ணைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால்... செத்துக் கிடந்த குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்தவள் அவள்.

டாக்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். சட்டென்று நிறுத்தினார்.

“ஆமா... கரன்ட் வேலி இருக்கே? நாய் எப்படி உள்ள போச்சு?”

“நான் காட்டறேன் டாக்டரம்மா!”

கொழுந்தன் முந்திக்கொண்டான். இடது கையைக் கம்பியில் ஊன்றி, வலது கையால் குழியைக் காட்டினான்.

“இதோ, இப்படித் தோண்டி... அடியில நுழைஞ்சு... குட்டியை இப்படியே வெளிய இழுத்துட்டு...”

பண்ணைக்காரம்மா அவன் விளக்கத்தைக் கேட்கவில்லை.

அவன் இடது கையையே பார்த்தாள்.

வேலி போட்ட நாளிலிருந்து, அதன் அருகே நடந்தால் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்வது அவள் பழக்கம். யாரும் சொல்லித்தர வேண்டாம். ஒரு முறை ஷாக் வாங்கிய உடம்பு மறக்காது. கொழுந்தனும் வாங்கியவன்தான்!

அவனோ பஸ் ஜன்னலில் சாய்கிற மாதிரி சாய்ந்து நின்றான்.

“ஒரு நிமிஷம் டாக்டரம்மா. ஊசி போட்டுறாதீங்க.”

கொட்டகைக்குள் ஓடினாள். வேலிக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி சுவரில் இருந்தது. எப்போதும் ‘டிக்... டிக்...’ என்று அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

இப்போது சத்தமே இல்லை.

ஸ்விட்ச் அணைக்கப்பட்டிருந்தது!

ஸ்விட்சைப் போட்டாள்.

‘டிக்...’

முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொழுந்தன் கையை எடுத்துவிட்டு, டிரைவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தான்.

“தம்பி... நான் சரியாப் பார்க்கல. இன்னொரு தடவை காட்டுங்களேன்.”

“இதுல என்ன அண்ணி இருக்கு? இதோ, இப்படி...”

கையை ஊன்றினான்.

“ஆஆஆ...!”

அவன் போட்ட கூச்சலில் பிரேக்கின் இரண்டு காதும் நிமிர்ந்தன.

“கம்பியில கரன்ட் இல்லேன்னு உங்களுக்கு யார் தம்பி சொன்னது?”

“ஞா... ஞாபகமில்லாம கை வெச்சுட்டேன் அண்ணி!”

“ஞாபகமில்லாமயா? அன்னைக்கு ஷாக் அடிச்சப்போ, கை விளங்காமப் போச்சுன்னு ஊரைக் கூட்டினீங்களே!”

“ராத்திரி மழையில கரன்ட் தானா நின்னிருக்கும்...”

“மழை வந்து ஸ்விட்சை அணைக்குமா?”

“அப்ப அந்த நாய் வாயில ரத்தம்? அதுக்குப் பதில் சொல்லுங்க!”

பதிலை நாயே சொன்னது.

மடியிலிருந்து துள்ளி எழுந்து, தெருமுனைக்குப் பாய்ந்தது. அங்கே நின்ற வேனைச் சுற்றிச் சுற்றி உறுமியது.

உள்ளே இருந்து இன்னொரு குரைப்பு!

கொழுந்தன் ஓரடி பின்வாங்கினான். “அது... அது...”

டாக்டர் வேனின் பின்கதவைத் திறந்தார். சங்கிலியில் ஒரு வேட்டை நாய். வாயிலும் மார்பிலும் இன்னும் காயாத ரத்தம்.

“ஓஹோ... கொட்டகைக்குள்ள போயி ஸ்விட்சை அணைச்சு, பட்டிக் கதவைத் திறந்து இதை உள்ள விட்டிருக்கீங்க,” என்றார் டாக்டர். “அப்புறம் நீங்களே குழியைத் தோண்டி, குட்டியைத் தெருவுல போட்டிருக்கீங்க. பாவம், பிரேக் வந்து மோந்து நக்கியிருக்கு.”

“நான் எழுந்து விளக்கைப் போட்டேன்ல... அதான் உங்களுக்கு ஸ்விட்சைத் திருப்பிப் போட நேரமில்ல!” பண்ணைக்காரம்மா பல்லைக் கடித்தாள். “நிலத்துக்காகவா தம்பி? வாயில்லா ஜீவன்டா!”

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்...” என்றார் டிரைவர்.

கொழுந்தன் ஓட்டம் பிடித்தான்.

பத்தடிகூடப் போகவில்லை. அவன் பேன்ட்டைக் கவ்விக்கொண்டு தரையோடு தரையாக உட்கார்ந்தது பிரேக். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஒரே இடத்தில்!

பண்ணைக்காரம்மா டிரைவர் முன்னால் கைகூப்பினாள். கண்ணீர் வழிந்தது.

“மன்னிச்சிருங்கண்ணே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு ஆகியிருக்கும்.”

“எம்மேலயும் தப்பிருக்கும்மா. நாயை ஊர் மேயவிட்டது நான்தானே? அதனாலதான் இவன் தலையில பழியைப் போட முடிஞ்சுது. இன்னைக்கே என் பக்கமும் வேலி போட்டுடறேன்.”

“கம்பி எங்கிட்ட மிச்சமிருக்கு. சேர்ந்தே கட்டுவோம்.”

டாக்டர் போலீசுக்குப் போன் பேசி முடித்தார். கொழுந்தன் இன்னமும் காலை உதறிக்கொண்டிருந்தான். அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஊசியை உயர்த்திக் காட்டினார்.

“தம்பி, ஆடாம அசையாம இருங்க. ஏத்தின மருந்தை வீணாக்கி எனக்குப் பழக்கமில்ல!”