எட்டிப் பார்க்கக் கூடாத எலிகள்

ஒரே ஒரு பழைய போர்வையால் நாற்பது எலிகளின் மூளைக்குள் புகுந்து வேலை பார்த்தவள் என் தங்கை மகள் வாண்டு. அதுவும் நாலாம் வகுப்புப் படிக்கும்போதே! சிரிக்காதீர்கள். நான் ஓய்வு பெற்றவன். பொய் சொல்ல எனக்கு நேரம் ஏது?

என் தங்கை ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானி. மூளையிலுள்ள ரத்தக் குழாய்களின் சுவர் ஒரு வேலி மாதிரி. கண்டதை உள்ளே விடாது. அந்த வேலியின் செல்களுக்குள் மரபணுக்கள் உண்டு. செல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்பவை அவைதான். நாள்கணக்கில் பயந்துகொண்டே இருந்தால் அவற்றில் சில ஓயாமல் வேலை செய்யும், சில தூங்கிவிடும் என்று தங்கை நினைத்தாள். அதைச் சோதிக்க ஓர் அறையில் தொல்லைப்படும் எலிகள், இன்னோர் அறையில் நிம்மதி எலிகள்.

முடிவு வந்தது. இரண்டு அறையிலும் மரபணுக்களின் வேலை ஒரே மாதிரி மாறியிருந்தது! நிம்மதி எலிகளும் பயந்திருக்கின்றன.

“இன்னும் ஒரே ஒரு தடவை. அப்பவும் இப்படி வந்தா ஆய்வை மூடிட வேண்டியதுதான்” என்றார் கூடத்தின் தலைவர். எதற்கெடுத்தாலும் “ஆதாரம் எங்கே?” என்பவர். வீட்டில் வாண்டு அவருக்கு வைத்த பெயர் ‘ஆதாரம் சார்’.

தங்கைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் வாண்டுவைக் கூட்டிக்கொண்டு நானும் கூடத்துக்குப் போனேன். நிம்மதி அறையின் கண்ணாடி வழியே ஆயிரம் பேர் எட்டிப் பார்த்தார்கள். சரி, நாலு பேர். தங்கையோ உள்ளேயே போய்க் கூண்டு மூடியைத் தூக்கினாள்.

“நிம்மதியா இருக்கீங்களா, செல்லங்களா?”

எலிகள் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

“அம்மா, இப்படி எத்தனை தடவை பார்ப்பே?” என்றாள் வாண்டு.

“மணிக்கு ஒரு தடவை. நிம்மதியா இருக்குதான்னு தெரிய வேணாமா?”

“போன பரீட்சைக்கு நான் பாட்டுக்குப் படிச்சிட்டிருந்தேன். நீ நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து ‘பயமா இல்லையே? பயமா இல்லையே?’ன்னு கேட்டே. அப்புறம்தான் எனக்குப் பயமே வந்துச்சு!”

தங்கை திறந்த வாய்க்குள் ஒரு பேருந்து திரும்பியிருக்கலாம்.

பின்னால் நின்ற ஆதாரம் சார் சிரித்தார். “எட்டிப் பார்த்ததுக்கா மரபணு வேலை மாறும்? ஆதாரம் எங்கே?”

“அதுக்குத்தானே சார் இன்னொரு தடவை!” என்றாள் வாண்டு.

புது எலிகள் வந்தன. வாண்டு தன் பழைய போர்வையால் கண்ணாடியை மூடினாள். தீனி வைக்க ஒரே ஆள், சத்தமில்லாமல், நாளுக்கு ஒரு முறை. கதவில் ஓர் அட்டையும் தொங்கியது: ‘நாங்க நல்லா இருக்கோம். போய் வேலையைப் பாருங்க. இப்படிக்கு, எலிகள்.’

தங்கை கையைக் கட்டிக்கொண்டு வாரக்கணக்கில் தவித்தாள். பாவம், நகம் கடித்துக் கடித்து விரலே பாதி காணோம்!

புது முடிவு வந்தது. தொல்லைப்பட்ட எலிகளின் வேலி மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. நிம்மதி எலிகளுடையவை சமர்த்தாக இருந்தன. ஆய்வு பிழைத்தது. தங்கை வாண்டுவைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் கூரையே பறந்திருக்கும்.

“தற்செயலா இருக்கும்” என்று வெகுநாள் முணுமுணுத்தார் ஆதாரம் சார். ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தவரை வாண்டு மடக்கினாள்.

“இன்னுமா சார் நம்பலை?”

அவர் தலையைச் சொறிந்தார். வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“நீ சொன்னது நூத்துக்கு நூறு நிஜம், வாண்டு. முதல் தடவை உங்கம்மா இல்லாத நேரமெல்லாம் மூடியைத் தூக்கிப் பார்த்தது நான்தான்.”